வேலைக்குப் பிறந்த கறுப்புக் கண்ணாடி

2010 அக்டோபர் 13ஆம் தேதி, சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், நிலத்துக்கடியில் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் 69 நாட்களாக அகப்பட்டிருந்த 33 சுரங்கத் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மீட்கப்பட்டார்கள். ஓர் ஆள் மட்டுமே நிற்கக்கூடிய இரும்புக் கூண்டு மேலே வரும், கதவு திறக்கும், உள்ளே இருந்தவர் வெளியே வந்து மனைவியையோ மகனையோ கட்டிக்கொள்வார். முதல் ஆள் வந்தபோது நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. அந்த நேரத்திலும் அவர் முகத்தில் வளைந்த கறுப்புக் கண்ணாடி இருந்தது. இரண்டு மாத இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு மீட்புத் தளத்தின் விளக்குகளே அதிகம். விடிந்தால் பாலைவன வெயில் வேறு. அதனால் 33 பேரும் கண்ணாடி அணிந்துதான் வெளியே வந்தார்கள்.

கண்ணாடிகளைக் கொடுத்தது ஓக்லி என்ற அமெரிக்க நிறுவனம். சைக்கிள் பந்தயக்காரர்களுக்கும் பனிச்சறுக்கு வீரர்களுக்கும் விற்றுப் பெயர் வாங்கியது. இலவசமாகத்தான் கொடுத்தது. ஆனால் உலகத் தொலைக்காட்சிகளில் அந்தக் கண்ணாடிகள் தெரிந்த நேரத்தை விளம்பரக் கட்டணமாக மாற்றினால் 4 கோடியே 10 லட்சம் டாலர் வரும் என்று சிஎன்பிசி தொலைக்காட்சிக்காக ஒரு விளம்பர ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டது. ஓக்லி அதைத் திட்டமிட்டுச் செய்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்றாலும் ஒன்று உறுத்துகிறது: கூலித் தொழிலாளி ஒருவரின் முகத்துக்கு நல்ல கூலிங் கிளாஸ் வந்து சேர ஒரு பேரிடர் நடக்க வேண்டியிருந்தது. இந்தப் பொருளின் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால் இது வேடிக்கையாகக்கூடத் தோன்றும். ஏனென்றால், கறுப்புக் கண்ணாடி பிறந்ததே வேலை செய்கிறவர்களுக்காகத்தான். நாகரிகமும் விளையாட்டும் பிற்பாடு வந்து அதை எடுத்துக்கொண்டன.

வட துருவத்தை ஒட்டி வாழும் இன்யூட் மக்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த பனிக்கண்ணாடியில் கண்ணாடியே கிடையாது. வால்ரஸின் தந்தம், கலைமான் கொம்பு, கடலில் மிதந்து வந்து கரையொதுங்கிய மரம் இவற்றில் எது கிடைக்கிறதோ அதை முகத்தின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து, கண்ணுக்கு நேரே மெல்லிய கீற்று ஒன்றை மட்டும் விடுவார்கள். உட்புறத்தில் கரி பூசுவதும் உண்டு. புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பியனுப்பும். பகல் முழுக்கப் பனிவெளியில் வேட்டையாடுகிறவரின் கருவிழி மேற்பரப்பு அந்தக் கதிரில் வெந்துபோகும். மாலையில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் வலி எடுக்கும். ஓரிரு நாள் கண்ணைத் திறக்கவே முடியாது. கீற்று அந்தக் கதிரைப் பெருமளவு தடுத்தது. குறுகிய துளை வழியாகப் பார்ப்பதால் தொலைவில் இருப்பதும் சற்றுத் தெளிவாகத் தெரிந்தது. அத்தோடு, அது முகத்தோடு முகமாக ஒட்டி உட்கார்ந்தது. மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ ஒளி புக வழியில்லை. இந்த ஒரு விஷயத்தில், இன்று பளபளப்பான கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கண்ணாடிகளைவிட அந்தக் கொம்புத் துண்டு மேலானது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ரோமப் பேரரசன் நீரோ மரகதத்தைக் கொண்டு வாள்வீரர் சண்டையைப் பார்த்தான் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். அந்த ஒற்றை வரியை வைத்து நீரோவைக் கூலிங் கிளாஸின் மூதாதையாக்கிவிடுவது வழக்கம். அவன் கல்லின் ஊடாகப் பார்த்தானா, கல்லில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்தானா என்பதே தெளிவில்லை. அரசனை விட்டுவிட்டு உலைக்களத்துக்குப் போவதுதான் பயனுள்ளது.

இங்கிலாந்தின் கண்ணாடித் தொழிற்சாலைகளில் உருகிய குழம்பைப் பார்த்தபடியே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு மற்றவர்களைவிட முன்னதாகவே கண்புரை விழுந்தது. அதற்குத் தீர்வு தேடிய ராயல் சொசைட்டி குழுவில் இருந்தவர் வில்லியம் குரூக்ஸ். தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தவர். அப்போது எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். சீரியம் உள்ளிட்ட உலோக ஆக்சைடுகளை வெவ்வேறு அளவில் கலந்து 300க்கும் மேற்பட்ட கண்ணாடிகளைக் காய்ச்சிப் பார்த்தார். எது வெப்பக் கதிரைத் தடுக்கிறது, எது புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது, அப்படித் தடுத்த பிறகும் எதில் நிறங்கள் கெடாமல் தெரிகின்றன என்று ஒவ்வொன்றாக அளந்து 1914இல் வெளியிட்டார். அவர் கண்ட முக்கியமான உண்மை இது: கண்ணுக்குக் கேடு செய்யும் கதிர் வேறு, கண்ணைக் கூசவைக்கும் ஒளி வேறு. ஏறத்தாழ நிறமே இல்லாத கண்ணாடிகூடப் புற ஊதாக் கதிரை முழுக்கத் தடுக்க முடியும். நூறாண்டு ஆகியும் கடைக்குப் போகிறவர் இதை அறிந்துகொள்ளவில்லை. விற்கிறவருக்கும் அறிவிக்கும் அவசரமில்லை.

கூசும் ஒளியைக் கையாண்ட கதை இதைவிடச் சுவையானது. 1852இல் பிரிஸ்டல் நகர மருத்துவர் வில்லியம் ஹெராபாத்தின் மாணவர் ஒருவர், குவினைன் கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடின் விழுந்தபோது மின்னும் பச்சைப் படிகங்கள் உண்டாவதைக் கண்டார். ஹெராபாத் அவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். இரண்டு படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்த இடம் கறுத்துப்போயிருந்தது. ஒரு குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இயல்பு அவற்றுக்கு இருந்தது. ஆனால் அந்தப் படிகங்கள் மிகச் சிறியவை, தொட்டால் நொறுங்குபவை. பெரிதாக வளர்க்கப் பலர் முயன்று தோற்றார்கள்.

1920களின் இறுதியில் ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டுவந்த எட்வின் லேண்டு என்ற இளைஞர் பிரச்சினையைத் தலைகீழாகப் புரட்டினார். ஒரு பெரிய படிகத்துக்குப் பதிலாகக் கோடிக்கணக்கான நுண்படிகங்களைப் பிசினில் கலந்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் அணிவகுக்க வைத்து, மெல்லிய தாளாக்கினார். அதுவே போலராய்டு. நீர்ப்பரப்பிலும் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். அதை மட்டும் தடுத்தால் கண்கூச்சம் போய், மற்றவை அப்படியே தெரியும். அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனத்தாருக்கு இதை விளங்கவைக்க, பாஸ்டனில் ஓர் ஓட்டல் அறையை எடுத்து, வெயில் பட்டுப் பளபளக்கும் ஜன்னலோரம் ஒரு மீன் தொட்டியை வைத்தாராம் லேண்டு. வந்தவர்களுக்கு வெறும் பளபளப்புதான் தெரிந்தது. தாளைக் கையில் கொடுத்ததும் மீன்கள் தெரிந்தன. ஒப்பந்தம் கையெழுத்தானது. லேண்டுக்கு உண்மையில் பெரிய கனவு வேறொன்று: எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு இரவில் ஓட்டுநரின் கண்ணைக் குருடாக்காமல் இருக்க, எல்லாக் கார்களின் விளக்கிலும் முன்கண்ணாடியிலும் இந்தத் தாளைப் பொருத்துவது. கார் நிறுவனங்கள் கடைசிவரை ஏற்கவில்லை. சாலையில் உயிர் காக்க நினைத்த பொருள் கடற்கரைக்குப் போகிறவர்களின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

விமானிகளின் கதையும் இப்படித்தான். 1920 பிப்ரவரியில் அமெரிக்க விமானி ருடால்ஃப் ஷ்ரோடர் ஏறத்தாழ 33,000 அடி உயரத்தை எட்டியபோது, அவருடைய காப்புக் கண்ணாடியில் மூடுபனி படர்ந்தது. கழற்றினார், குளிரில் கண்கள் உறைந்தன. எப்படியோ தரையிறங்கிவிட்டார். அவருடைய தோழர் ஜான் மெக்ரெடி, மேகத்துக்கு மேலே கண் படும் பாட்டைத் தானும் அனுபவித்தவர்; ரோச்செஸ்டரில் இருந்த பாஷ் அண்டு லோம் நிறுவனத்தோடு சேர்ந்து விமானிக்கான கண்ணாடிக்கு வழிகாட்டினார் என்பது அவர் குடும்பத்தார் சொல்லும் வரலாறு. (இதே மெக்ரெடிதான் 1923இல் அமெரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காக நிற்காமல் முதன்முதலில் பறந்து கடந்த இருவரில் ஒருவர். உடன் பறந்தவரின் பெயர் ஓக்லி கெல்லி. பின்னாளில் வந்த ஓக்லி நிறுவனத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை; அது நிறுவனர் வளர்த்த நாயின் பெயர்.) 1937இல் ரேபான் என்ற பெயரோடு அந்தக் கண்ணாடி பொதுச் சந்தைக்கு வந்தது. லென்ஸ் கன்னம் வரை சொட்டுப்போல் இறங்கியிருப்பதை இன்று அழகு என்கிறோம். விமானி தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்திக் கருவிப் பலகையைப் பார்ப்பார். அந்தப் பார்வையும் லென்ஸுக்குள்ளேயே விழ வேண்டும் என்பதற்காக இறக்கியது அது.

இன்றைய கடைகளில் இதே ஏவியேட்டர் வடிவத்தை, லேண்டின் தாளைப்போல் தெறிப்பொளியைத் தடுக்கும் போலரைஸ்டு லென்ஸோடு கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமோ விமானிகள் போலரைஸ்டு அணிவதைப் பரிந்துரைப்பதில்லை. விமானத்தின் திரவப் படிகத் திரைகள் அதன் வழியே மங்கலாகவோ கறுப்பாகவோ தெரியலாம். எதிரே வரும் இன்னொரு விமானத்தின் மேல் வெயில் பட்டுத் தெறிக்கும் மினுக்கும் மறைந்துபோகலாம். ஆக, விமானிக் கண்ணாடியின் விலையுயர்ந்த வகை விமானிக்கு ஆகாதது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் செய்திப் படங்கள் ரேபானை வீரத்தின் அடையாளமாக்கின. 1944இல் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவின் கரையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வரும் அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தரின் படத்தை நினைவில்லாதவர் குறைவு. அதில் கண்ணாடியும் உண்டு. அதற்கு முன்பே ஹாலிவுட் நடிகர்கள் கறுப்புக் கண்ணாடியைத் தத்தெடுத்திருந்தார்கள். மலிவு விலைக் கடைகளும் சும்மா இருக்கவில்லை. 1929இலேயே சாம் ஃபாஸ்டர் என்பவர் அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நடைபாதையில் பிளாஸ்டிக் கண்ணாடிகளை விற்கத் தொடங்கிவிட்டார்.

ஆனால் புகழ் தானாகவே வருவதில்லை. காசு கொடுத்தும் வரவழைக்கலாம். 1952இல் வந்த ரேபான் வேஃபேரர் எழுபதுகளில் யாரும் சீந்தாத பொருளாகிவிட்டது. 1981இல் விற்றது 18,000. அடுத்த ஆண்டு பாஷ் அண்டு லோம், திரைப்படங்களுக்குள் பொருட்களை நுழைத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு ஐம்பது அறுபது படங்களிலும் தொடர்களிலும் ரேபான் கண்ணாடிகள் தென்படத் தொடங்கின. 1983இல் 'ரிஸ்கி பிசினஸ்' படத்தில் டாம் குரூஸ் வேஃபேரர் அணிந்தார். அந்த ஆண்டு விற்பனை 3,60,000. மூன்றாண்டு கழித்து 'டாப் கன்' வந்து ஏவியேட்டரைத் தூக்கி நிறுத்தியது. இந்தக் காலத்தில் லென்ஸ் எந்த வகையிலும் மேம்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குச் செய்யும் வேலை அதேதான், மாறியது முகம்.

விளையாட்டுக் கண்ணாடியின் பாதை கொஞ்சம் வேறு. அங்கே பொருள் உண்மையாகவே மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேஸ்பால் வீரர்கள், பந்து வானத்தில் போகும்போது மட்டும் கீழே தட்டிவிட்டுக்கொள்ளும் மடிப்புக் கண்ணாடிகளை அணிந்தார்கள். பெரிய மாற்றம் 1980களில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. ஓக்லியின் நிறுவனர் ஜிம் ஜன்னார்டு 1975இல் 300 டாலரோடு தன் கார் கொட்டகையில் தொடங்கிய தொழில், மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களுக்குக் கைப்பிடி ரப்பர் விற்பது. அந்த ரப்பருக்கு ஒரு விசித்திரக் குணம்: வியர்வை பட்டால் வழுக்காது, இன்னும் இறுகப் பிடிக்கும். பிறகு அவர் கண்ணாடி செய்தபோது மூக்குத் தாங்கியிலும் காதுக் கம்பியிலும் அதையே வைத்தார். கண்ணாடி வியர்வையில் சரிந்து இறங்குவது எப்பேர்ப்பட்ட தொல்லை என்பது ஓடுகிறவருக்குத்தான் தெரியும்.

1984இல் வந்த ஓக்லி ஐஷேட், இரண்டு லென்ஸுக்குப் பதிலாக முகத்தைச் சுற்றி வளைந்த ஒரே பலகை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். சைக்கிள் பந்தயத்தில் அதற்குத் தெளிவான காரணம் இருந்தது. குனிந்து மிதிக்கும்போது வீரரின் கண் நேராகப் பார்ப்பதில்லை. புருவத்தின் பக்கமாக மேல்நோக்கிப் பார்க்கும். சாதாரண ஃபிரேமின் மேல்கம்பி சரியாக அந்த இடத்தில் வந்து மறைக்கும். மலையிலிருந்து மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது வெயிலைவிடக் காற்றும் தூசியும் பூச்சியும்தான் எதிரி. கண்ணில் நீர் கோத்தால் அடுத்த வளைவு தெரியாது. வளைந்த பலகை இத்தனையையும் ஒரே அடியில் தீர்த்தது. அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் அதை அணிந்து பந்தயங்களில் தோன்றினார். 1986இல் டூர் டி பிரான்ஸை வென்றார். 1989 டூரின் கடைசி நாளில் 50 விநாடி பின்தங்கியிருந்து, 24.5 கிலோமீட்டர் தனியோட்டத்தில் அதை ஈடுகட்டி, மொத்தம் 8 விநாடி வித்தியாசத்தில் பிரெஞ்சு வீரர் லோரான் ஃபினியோனை முந்தினார். லெமாண்டின் தலையில் காற்றைக் கிழிக்கும் தலைக்கவசம், கையில் முன்னீண்ட கைப்பிடி, கண்ணில் ஓக்லி. ஃபினியோனுக்குத் தலைக்கவசம் இல்லை, காற்றில் ஆடும் குதிரைவால் முடி. அந்த 8 விநாடியில் கண்ணாடியின் பங்கு சொற்பம்தான். முன்னீண்ட கைப்பிடியே பெரும்பங்கு எடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் புகைப்படத்தில் கைப்பிடியைவிடக் கண்ணாடிதான் முகத்தோடு ஒட்டித் தெரிந்தது.

பலகையை வளைப்பது எளிதில்லை. லென்ஸ் வளைய வளைய, ஒளி சாய்ந்து நுழைந்து பொருளை இடம் மாற்றிக் காட்டும். பந்தைப் பிடிக்கிறவருக்கு இந்தச் சிறு விலகலே போதும், பந்து விரல் நுனியில் பட்டுப் போகும். லென்ஸின் தடிமனை ஓரத்துக்கு ஓரம் மெல்ல மாற்றி இதைச் சரிசெய்வதற்கே ஓக்லி நிறையக் காப்புரிமைகள் வாங்கியது. பயன்படுத்திய பொருள் பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்திலும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிலும் தனித்தனியே உருவான இந்தப் பிளாஸ்டிக், கல் பட்டாலும் எளிதில் சிதறாது. நிறம் ஏற்றாமலே புற ஊதாக் கதிரை ஏறத்தாழ முழுக்க விழுங்கிவிடும். கண்ணாடி உலகம் தற்செயலாகப் பெற்ற பரிசு இது.

இந்த இரண்டு பாதைகளும், அதாவது நாகரிகத்தின் பாதையும் விளையாட்டின் பாதையும், கடைசியில் சந்தித்த இடம் இத்தாலியின் வடக்கே டோலமைட் மலையடிவாரத்தில் இருக்கும் அகோர்டோ என்ற சிற்றூர். மிலான் நகரின் அநாதை விடுதியில் வளர்ந்து, அச்சுவார்ப்புப் பட்டறையில் தொழில் கற்ற லியோனார்டோ டெல் வெக்கியோ 1961இல் அங்கே லக்ஸோட்டிகாவைத் தொடங்கினார். முதலில் மற்றவர்களுக்குக் கண்ணாடி உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்தார். 1988இல் அர்மானியின் பெயரை உரிமம் வாங்கிக் கண்ணாடியில் பொறித்ததிலிருந்து, மூக்குக் கண்ணாடி மருந்துக் கடைப் பொருளிலிருந்து ஆடையலங்காரப் பொருளாக மாறியது. 1999இல் பாஷ் அண்டு லோமின் கண்ணாடிப் பிரிவை, ரேபானோடு சேர்த்து, 64 கோடி டாலருக்கு வாங்கினார். அப்போது ரேபான் பெட்ரோல் பங்க்குகளிலும் மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான கடைகளிலிருந்து அதைத் திரும்பப் பெற்று, சில காலம் கண்ணில் காட்டாமல் வைத்து, விலையை ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஓக்லியின் முறை அடுத்து வந்தது. கூலிங் கிளாஸ் விற்கும் மிகப் பெரிய கடைத் தொடரான சன்கிளாஸ் ஹட்டை லக்ஸோட்டிகா 2001இல் வாங்கியது. கடை கைக்கு வந்ததும் அங்கே ஓக்லிக்கான கொள்முதல் குறைந்தது; ஓக்லியின் பங்கு விலை சரிந்தது. 2007இல் ஓக்லியையே 210 கோடி டாலருக்கு லக்ஸோட்டிகா வாங்கிவிட்டது. இப்போது விளையாட்டு வீரர் அணிவதும் நடிகர் அணிவதும் ஒரே நிறுவனத்தின் பொருள். வாங்கும் கடையும் பல இடங்களில் அதனுடையதே. 2018இல் லென்ஸ் செய்வதில் முன்னணியில் இருந்த பிரான்சின் எஸிலோரும் இதோடு இணைந்தது. போட்டி இருப்பதுபோல் அலமாரியில் தெரியும். விலை ஏன் இறங்குவதில்லை என்பதற்கு அகோர்டோவில் விடை இருக்கிறது.

இத்தனை விலை கொடுத்து வாங்குகிறவர் எதற்குக் கொடுக்கிறார்? கண்ணைக் காப்பதற்கு என்றால், கணக்கு இடிக்கிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கும் 838 பேரை ஹ்யூ டெய்லர் தலைமையிலான குழு ஆராய்ந்து 1988இல் முடிவை வெளியிட்டது. வாழ்நாளில் கண்ணில் பட்ட புற ஊதா-பி கதிரின் அளவு இரட்டிப்பானால், புறணிக் கண்புரை வரும் வாய்ப்பு 1.6 மடங்காகிறது என்பது அதன் கண்டுபிடிப்பு. தண்ணீரில் வேலை, ஆண்டுக்கணக்கான வெயில், தொப்பியோ கண்ணாடியோ போடும் பழக்கம் எல்லாவற்றையும் கேட்டு அளந்த ஆய்வு அது. ஆபத்து எங்கே சேருகிறது என்பதை அது தெளிவாக்கியது. விடுமுறைக்குக் கடற்கரையில் நான்கு நாள் கழிப்பவரைவிட, அந்தக் கடலிலேயே நாற்பது ஆண்டு வலை இழுப்பவரிடம்தான் அது கூடுகிறது.

ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ இன்னொன்றைக் காட்டினார். கண்ணில் சதை வளர்வது பெரும்பாலும் மூக்கை ஒட்டிய பக்கத்தில்தான். வெளிப்பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் கதிரைக் கருவிழியின் வளைவே ஒரு லென்ஸாகி மூக்குப் பக்க ஓரத்தில் குவித்துவிடுகிறது. அதனால் அந்த இடத்தில் கதிர் பல மடங்கு உக்கிரமாக விழுகிறது. முன்பக்கம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், பக்கவாட்டில் திறந்திருந்தால் இந்தக் கதிர் தடையில்லாமல் நுழையும். தட்டையான, சின்ன, வட்ட லென்ஸ் கண்ணாடிகள் நாகரிகத்துக்கு வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளலாம். கொம்பைக் குடைந்து முகத்தோடு ஒட்டவைத்த இன்யூட் வேட்டைக்காரர் செய்தது சரி என்று நான் சொன்னது இதனால்தான். விளையாட்டு வீரரின் வளைந்த பலகையும் காற்றைத் தடுக்கப்போய் இதையும் தடுத்துவிட்டது.

கறுப்பு எவ்வளவு என்பது வேறு கணக்கு. பன்னாட்டுத் தரநிலை லென்ஸை 0 முதல் 4 வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. மூன்றாம் வகை ஒளியில் 8 முதல் 18 விழுக்காடு வரை உள்ளே விடும். நம் வெயிலுக்குப் போதும். நான்காம் வகை 3 முதல் 8 விழுக்காடு. பனிமலைக்கும் கடலுக்கும் ஆனது, வண்டி ஓட்டக் கூடாது. இந்த எண்கள் கூச்சத்தைத்தான் சொல்கின்றன. புற ஊதாத் தடுப்பு என்பது லென்ஸின் பொருளிலோ மேல்பூச்சிலோ இருக்கிறது. கறுப்பிலோ, போலரைஸ்டு என்ற முத்திரையிலோ, கண்ணாடிபோல் மினுக்கும் பூச்சிலோ இல்லை. தடுப்பில்லாத கறுப்பு லென்ஸை அணிந்தால் பாவை விரியும், கண்ணைச் சுருக்குவதும் நின்றுபோகும். கதிர் உள்ளே போக வழி அகலமாகும். அதற்காக நடைபாதையில் விற்பதெல்லாம் விஷம் என்று பயமுறுத்துவதும் சரியில்லை. மலிவான பாலிகார்பனேட் லென்ஸும் கதிரைத் தடுக்கத்தான் செய்கிறது. விலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதே உண்மை. பல கண்ணாடிக் கடைகளில் புற ஊதா அளவி இருக்கிறது. லென்ஸை அதில் நுழைத்தால் சில விநாடியில் தெரிந்துவிடும். கேட்கத்தான் ஆளில்லை. உலகிலேயே முதன்முதலில் கூலிங் கிளாஸுக்கு நாட்டளவில் தரநிலை வகுத்த நாடு ஆஸ்திரேலியா, 1971இல். வெயிலின் அடியை நன்றாக உணர்ந்த நாடு அது.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத தமிழ்நாட்டில் கறுப்புக் கண்ணாடிக்கு இரண்டே முகங்கள். ஒன்று, திரையிலும் மேடையிலும் தெரிவது. எம்.ஜி.ஆரைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் ஒரு தலைமுறை பார்த்ததே இல்லை. கருணாநிதியின் கறுப்புக் கண்ணாடி அரசியல் கேலிச்சித்திரக்காரர்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தியது. ஆனால் அது விபத்தில் பழுதான கண்ணுக்கு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சிகிச்சை பெற்ற பிறகு வந்தது, 46 ஆண்டுகள் கழித்து 2017இல்தான் வேறு கண்ணாடிக்கு மாறினார். ரஜினிகாந்த் கண்ணாடியைச் சுழற்றி மாட்டினால் விசில் பறக்கும். இன்னொரு முகம், கண் ஆபரேஷன் முடிந்து முகாமிலிருந்து திரும்பும் பெரியவரின் கறுப்புக் கண்ணாடி. 'மெட்ராஸ் ஐ' வந்தவரின் கண்ணாடியையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். நாயகனுக்கும் நோயாளிக்கும் நடுவே வேலை செய்கிறவருக்கு இடமே இல்லை. நாற்று நடும் பெண் கூலிங் கிளாஸ் போட்டு வயலில் இறங்கினால் வரப்பில் நிற்பவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மைதானத்தில் எல்லைக்கோட்டருகே நிற்கும் கிரிக்கெட் வீரர் போட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவர் நிற்பது ஐந்து நாள். அவள் குனிந்து நிற்பது ஒவ்வொரு பருவமும், அதுவும் வானத்தைத் திருப்பிக் காட்டும் சேற்று நீரில்.

சென்னையிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் 40 வயது கடந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கண்ணில் சதை வளர்ந்திருந்தது. வெளிவேலை செய்கிறவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. கோடை நண்பகலில் இங்கே புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சப் படி. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலைத் தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று பட்டியலிட்டது. கண்ணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இத்தனைக்கும் தேவையான பொருள் ஏற்கனவே பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடையில் தொங்குகிறது. கிரைண்டிங், டிரில்லிங் வேலைக்காக விற்கும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி, லெமாண்ட் அணிந்த பலகையின் ஏழை உறவு. பக்கவாட்டில் வளைந்திருக்கும், கீழே விழுந்தால் உடையாது, நிறமே இல்லாத லென்ஸும் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். ஐரோப்பியத் தரத்தில் செய்யப்பட்டவை பலவற்றில் லென்ஸின் ஓரத்தில் '2C-1.2' என்று பொறித்திருக்கும். அது புற ஊதாத் தடுப்புக்கு அடையாளம். நிறம் இல்லாததால் பார்க்கிறவருக்கு அது படிக்கிற கண்ணாடிபோலத்தான் தெரியும். வரப்பிலிருந்து கேலி வராது. கூச்சம் மட்டும் தீராது. மீன்பிடிக்கப் போகிறவருக்கு அதனால் போலரைஸ்டு தேவைப்படும். வயலில் நிற்பவருக்கு இளஞ்சாம்பல் நிறம் போதும். தலையில் அகன்ற விளிம்புள்ள ஓலைத்தொப்பியும் இருந்தால், கண்ணுக்கு வந்து சேரும் கதிர் இன்னும் பாதியாகக் குறையும்.